இத்தாலியில் ஓர் இயக்கம்

நோர்வேயில், ஹொல்ம்லியாவில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில்தான் நான் பல்கலைக்கழகப் பாடங்களைப் படிப்பேன். அன்று ஃபியோர்டு எனும் கடற்கழியிலிருந்து எழுந்த பனிமூட்டம் கண்ணாடிவரை வந்து நின்றது. முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்த அம்மா, ஈரமான குளிர் ஜாக்கெட்டோடு என் புத்தகத்தை எட்டிப் பார்த்தார்.

"என்ன படிக்கிறாய் பிள்ளை?"

"இத்தாலியிலை இருந்த ரொமான்டிக் இயக்கம் பற்றி."

அம்மாவின் கை ஜாக்கெட்டின் ஸிப்பிலேயே நின்றுவிட்டது. "இயக்கமோ?" இலங்கையில் துப்பாக்கி தூக்கிப் போராடியவர்களைத்தான் அம்மா அப்படிச் சொல்வார்.

"ஐயோ அம்மா, இது கவிதை எழுதின ஆக்கள்."

"கவிதை எழுதின ஆக்களும்தான் போனவை."

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துக்கொண்டு எதிரே இருந்தார். நான் சொல்லத் தொடங்கினேன். இருநூறு ஆண்டுகளுக்கு முன் மிலான் நகரை ஒஸ்திரியர்கள் ஆண்டார்கள். பழைய கடவுளரைப் பாடியது போதும், நம் மக்களின் மனதை எழுதுவோம் என்று சில இளைஞர்கள் பத்திரிகை நடத்தினார்கள். ஒஸ்திரியர்கள் அதை நிறுத்தினார்கள், சிலரைப் பிடித்தார்கள், சிலர் நாட்டைவிட்டே ஓடினார்கள்.

"எங்கை ஓடினவை?"

"இங்கிலாந்து, பிரான்ஸ்..."

"நோர்வேக்கு ஒருத்தரும் வரேல்லையோ?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையும், "இண்டைக்கு அவங்களுக்கு என்ன நடந்தது?" என்பார், தொடர் நாடகம் கேட்பதுபோல. பிடிபட்டவர்களை வடக்கே குளிர்ந்த கோட்டையொன்றில் அடைத்து வைத்ததைச் சொன்னபோது, "தாய்மார் போய்ப் பாத்தவையோ?" என்று கேட்டார். நூலகத்தில் தேடினேன். கவிதைகளைப் பற்றி எவ்வளவோ இருந்தது. தாய்மாரைப் பற்றிச் சில வரிகள்தான்.

ஒருநாள், நிலவைப் பற்றியது என்று சொல்லி, இத்தாலிய மொழியிலேயே ஒரு கவிதையை வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"நிலவுக்கு என்ன சொல்லுறவை?"

"லூனா."

"லூனா," என்றார் மெல்ல. பிறகு, கண்ணைத் திறக்காமலே, "தம்பியும் எழுதுவான்," என்றார்.

அம்மாவின் தம்பியை, இயக்கத்துக்குப் போய்த் திரும்பாத மாமாவை, எனக்குச் சுவரிலுள்ள படமாக மட்டுமே தெரியும். அவர் எழுதியவர் என்று யாரும் சொன்னதில்லை.

"என்ன எழுதினவர்?"

"நிலவைப் பற்றித்தான். அந்த வயதிலை வேறை என்ன தெரியும்?"

அம்மா எழுந்து தேத்தண்ணிக்கு அடுப்பைப் போட்டார்.

மறுநாள் காலை ரயில் ஃபியோர்டின் ஓரமாய் நகருக்குப் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் எது, வானம் எது என்று தெரியவில்லை. அந்தக் கவிதையை மறுபடி எடுத்தேன். வரிகள் இத்தாலிய மொழியில்தான் இருந்தன. ஆனால் நான் ஒருபோதும் கேட்டிராத ஒரு குரல் அவற்றைத் தமிழில் வாசித்துக்கொண்டு வந்தது. இறங்க வேண்டிய நிலையம் கடந்து போனதை வெகுநேரம் நான் கவனிக்கவேயில்லை.