மிஷினுக்கு வைத்த பொட்டு

"மிஷினப் போயி இத்தினிக்கூண்டு பொண்ணு கையில குடுத்து வெச்சிக்கிறியேடா, பொங்கல் வரிக்கும் தாங்குமா அது?"

தம்பிக்குக் காது கேட்பதற்காக மாட்டியிருந்த கருவியைப் பார்த்துவிட்டுப் பெரியப்பா அப்பாவிடம் இப்படிக் கேட்டார். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் அதைக் கொடுத்த அக்காவும் முதலில் அப்பாவிடம்தான் விளக்க ஆரம்பித்தார். அப்பா தலையாட்டிய விதத்தைப் பார்த்ததும் என் பக்கம் திரும்பி, "பாப்பா, நீ எத்தனாவது?" என்றார். ஆறாவது என்றேன். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை.

அன்றிலிருந்து தியாகதுருகத்தை ஒட்டிய எங்கள் ஊரில், எங்கள் வீட்டில், அந்த மிஷினுக்கு நான்தான் அதிகாரி. காதுக்குள் போகிற அச்சை அதன் குழாயோடு கழற்றி வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவலாம். காதுக்குப் பின்னால் உட்காருகிற பாகத்தில் ஒரு சொட்டு ஈரம் படக் கூடாது, காய்ந்த துணியால் துடைப்பதோடு சரி. தம்பி தூங்கப் போகும்போது பேட்டரி மூடியைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் குருணை போட்ட டப்பாவுக்குள் வைக்க வேண்டும். காலையில் எடுத்து உள்ளங்கைக்குள் பொத்தினால் 'கீ' என்று கத்தும். கத்தினால் உயிரோடு இருக்கிறது. அவன் குளிக்கப் போனால் பின்னாலேயே ஓடுவேன். அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தால் மறிப்பேன். "இன்னாடி, கலெக்டர் மேரி அதட்டிக்கினு கீற" என்பாள் அம்மா. எனக்கு அது பட்டம் கொடுத்த மாதிரி இருக்கும்.

தம்பிக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. மிஷின் வருவதற்கு முன்பே ஒருமுறை அவனைப் பள்ளியில் சேர்க்கப் போயிருந்தோம். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை எப்படி மற்ற பிள்ளைகளோடு உட்காரவைப்பது என்று தலைமையாசிரியர் தயங்கினார். மிஷின் வந்ததும் அப்பா மறுபடியும் போய் நின்றார். விஜயதசமியன்று சேர்க்கைக்காகப் பள்ளியைத் திறப்போம், கூட்டிவாருங்கள், பின்னால் நின்று கூப்பிடுகிறேன், திரும்பினால் சேர்த்துக்கொள்கிறேன் என்றார் அவர். இல்லையென்றால் வெளியூரில் விடுதியில் விட்டுப் படிக்கவைக்க வேண்டும். அந்தப் பேச்சு எழுந்தாலே அம்மா தம்பியை இழுத்து மடியில் போட்டுக்கொள்வாள்.

விஜயதசமிக்கு முந்தின நாள் ஆயுத பூசை. பொரி வாங்கப் போன நான் திரும்பி வருவதற்குள் அப்பா படையல் போட்டு முடித்திருந்தார். மண்வெட்டி, களைக்கொட்டு, கரும்பு வெட்டும் கத்தி, சைக்கிள் பம்பு எல்லாம் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு வரிசையாக இருந்தன. அவற்றுக்கு நடுவே, சாமி படத்துக்கு நேர் கீழே, வாழை இலையில் தம்பியின் மிஷின். அப்பா சந்தனத்தில் கஞ்சத்தனமே பண்ணவில்லை. சத்தம் உள்ளே போகிற பொடித் துளைகளின் மேல் கட்டைவிரல் அகலத்துக்குப் பொட்டு. அச்சின் ஓட்டையிலும் சந்தனம் அப்பியிருந்தது.

பாய்ந்து கையை நீட்டினேன். பெரியப்பா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"படையல்ல வெச்ச ஆயுதத்த காலையில கற்பூரம் காட்டாம எடுக்கக் கூடாது. தெரியாது?"

"சந்தனம் காஞ்சி போச்சின்னா மிஷின் வேலை செய்யாது பெரியப்பா! நாளைக்கி இஸ்கூல்ல கூப்புடுவாங்க."

"ரெண்டு எழுத்து படிச்சிட்டா சாமி கூட வாணாமா ஒனக்கு?"

நான் அப்பாவைப் பார்த்தேன். என்ன தப்பு செய்தோம் என்று புரியாத கலக்கம் அவர் முகத்தில். "நீ சொன்ன மேரி தண்ணி படாமதாம்மா வெச்சேன். அதுக்கோசரம் சந்தனத்த கெட்டியா கொழச்சேன்" என்றார்.

மிஷினை எடுக்க விடவில்லை. விளக்கு வெளிச்சத்தில் சந்தனம் ஓரங்களில் வெளுத்து இறுகுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நான் வாங்கி வந்த பொரியை நானே தொடவில்லை.

காலையில் கற்பூரம் அணைந்ததும் மிஷினை எடுத்துப் பொத்தினேன். சத்தம் இல்லை. பேட்டரியை மாற்றிப் பொத்தினேன். அப்போதும் இல்லை.

"கத்தலியா?" என்ற அம்மா, தாலிக் கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள். "குத்தி எடுத்துடு."

"குத்துனா செத்துடும்மா!"

புதிய பல் பிரஷ் ஒன்றைப் பிரித்தேன். துளைகள் கீழே பார்க்கும்படி மிஷினைக் கவிழ்த்துப் பிடித்து, பொடி உள்ளே போகாமல் வெளியே உதிரும்படி மெல்ல மெல்லத் தேய்த்தேன். அவசரப்பட்டு அழுத்தினால் உள்ளே இறங்கிவிடும். தம்பி எதிரே உட்கார்ந்து தன் காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். "புள்ளைங்கள்லாம் போவுதுங்க, இஸ்கூல பூட்டிக்கினு போயிடப் போறாங்கோ" என்று பெரியப்பா வாசலிலிருந்து குரல் கொடுத்தபடியே இருந்தார். அச்சை வெந்நீரில் போட்டதும் சந்தனம் கரைந்து ஒழுகியது. ஆனால் குழாய்க்குள் தண்ணீர் நின்றுவிட்டது. வாயால் ஊதினால் எச்சில் ஈரமும் சேரும்.

அப்பா சைக்கிள் பம்பை எடுத்து வந்தார். அதன் நெற்றியிலும் பொட்டு. "நீ புடி, நான் அடிக்கிறேன்" என்றார். சாரல் என் முகத்தில் தெறித்தது. இரண்டையும் சேர்த்து மாட்டிப் பொத்தினேன். கொசு கத்துகிற மாதிரி மெலிசாக ஒரு 'கீ'. அது போதும் என்று ஓடினோம்.

பள்ளி மைதானத்தில், பிள்ளை பயப்படாமல் இருக்கட்டும் என்று தலைமையாசிரியர் என்னைத் தம்பிக்கு எதிரே நிற்கவைத்தார். பிறகு அவனுக்குப் பின்னால் போய் நின்று, "தம்பி!" என்றார்.

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். தலைமையாசிரியர் இன்னொரு முறை வாயைத் திறந்தார்.

"டேய் தம்பி!"

அவன் திரும்பினான்.

பெயர் எழுதினார்கள். பொங்கல் வரை தாங்குமா என்று கேட்ட அதே பெரியப்பா, வருகிற வழியெல்லாம், "எங்க வூட்டுப் பொண்ணு ரிப்பேர் பண்ணிடுச்சி" என்று எதிர்ப்பட்டவர்களிடம் சொல்லிக்கொண்டு வந்தார். நான் எல்லோருக்கும் முன்னால் நடந்தேன்.

வீட்டுக்கு வந்து கழற்றிப் பொத்தினால் சத்தம் இல்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். குழாயின் வளைவில் ஒரு சொட்டுத் தண்ணீர் அடைத்துக்கொண்டு நின்றது. திரும்பி வரும்போது சேர்ந்திருக்கும் என்று முடிவு செய்து, உதறிக் காயவைத்தேன். வேறு மாதிரி நினைக்க எனக்குத் தோன்றவில்லை.

இப்போது நான் செவித்திறன் படிப்பில் மூன்றாம் ஆண்டு. குழந்தைக்குக் கேட்கிறதா என்று சோதிக்கும்போது எதிரே இருப்பவர் கண்ணைக்கூட அசைக்கக் கூடாது என்று ஆசிரியை சொன்ன அன்றுதான், வகுப்பில் உட்கார்ந்தபடி அந்த மைதானத்துக்குப் போனேன். இரண்டாம் முறை தலைமையாசிரியர் வாயைத் திறந்தபோது நான் தம்பியின் தலைக்கு மேல் அவரை நிமிர்ந்து பார்த்திருந்தேன். நான் பார்த்த இடத்தை அவனும் திரும்பிப் பார்த்தான். மிஷின் வருவதற்கு முன்பிருந்தே அவன் எங்கள் எல்லோரையும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தான். அன்று அவனுக்கு அந்தக் குரல் கேட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

போன மாதம் கல்வராயன் மலையில் ஒரு முகாமுக்குப் போனோம். என்னிடம் வந்த முதல் குழந்தை ஒரு சின்னப் பெண். எதிரே அவள் அம்மா, அக்கா, சித்தப்பா என்று குடும்பமே அவள் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. எல்லோரையும் சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னேன்.

"இன்னாம்மா, எங்களுக்கு எதுக்கு தண்டன?" என்றார் சித்தப்பா. மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் திரும்பினார்கள்.

பார்க்க எந்த முகமும் இல்லாமல் அவள் பொம்மையை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் போய் நின்று அவளைக் கூப்பிட்டேன்.