இரண்டு மடிப்பு வைத்த கவுன்

பன்னிரண்டாம் வகுப்பில் என் அக்காவுக்குக் கொடுத்த வீட்டுப்பாடம் நான்தான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மற்ற வீட்டு அக்காமார் படம் வரைந்து கொண்டுபோனார்கள், சார்ட்டு எழுதிக் கொண்டுபோனார்கள். எங்கள் அக்கா என்னைத் தலைசீவிப் பவுடர் போட்டு, பரளச்சியில் பஸ் ஏற்றி, அருப்புக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய் அவளுடைய டீச்சர் முன்னால் நிறுத்தினாள். அப்போது நான் மூன்றாம் வகுப்பு. எனக்கு இருந்த பெருமையைப் பார்த்திருந்தால் நீங்கள் ஓங்கி ஒன்று வைத்திருப்பீர்கள்.

அக்கா எடுத்தது தையல் குரூப்பு. மார்க் வராத பிள்ளைகளை ஒதுக்கிவிடுகிற இடம் என்று ஊரில் அதற்கு ஒரு பேர் இருந்தது. அக்காவுக்கு மார்க் வந்திருந்தது. அவளாகவே அடம்பிடித்துச் சேர்ந்தாள். அப்பாவுக்கு இதில் மகா வருத்தம். அவர் டவுனில் ஒரு மல்லி குடோனில் லோடுமேனாக இருந்தார். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே கொத்தமல்லி வாசம் முன்னால் வரும், அப்பா பின்னால் வருவார். "தைக்கிறதுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்? நம்ம தெருவுல மிஷினு மிதிக்கிறவுகள்லாம் என்ன பட்டமா வாங்குனாக?" என்று கேட்டுக்கொண்டே சட்டையைக் கழற்றுவார்.

அக்காவுக்கு மேலே படிக்க ஆசை. தையல் குரூப்பு முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் வருசத்தில் சேரலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மதுரைக்கும் அந்தாண்டை ஏதோ ஓர் ஊர், ஹாஸ்டல். அப்பா கடைசியாக ஒரு முடிவு சொன்னார். "ஒங்க டீச்சரு அவுக வாயால, இந்தப் புள்ளைய அனுப்புங்கன்னு என்கிட்ட சொல்லட்டும், அனுப்புறேன். இல்லைன்னா மில்லு வேனு வாசல்லயே வந்து நிக்குது. பேசாம ஏறிக்க." எங்கள் தெருவில் பாதி அக்காமார் அந்த வேனில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். அக்கா அந்த வேனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை. காலேஜ் என்றால் இன்னொரு பஸ், அவ்வளவுதானே என்று நினைத்திருந்தேன். ஹாஸ்டல் என்ற சொல் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது. அது பஸ் ஸ்டாண்டு மாதிரி போய்விட்டு வருகிற ஓர் இடம் என்பது என் கணக்கு.

அந்த டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பேர் கிழிச்சல் டீச்சர். குட்டையாக, மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு, எதைத் தைத்துக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுப்பாராம். பிரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவருக்கு முன்னால் இருந்தவர்கள் காலத்தில், பொம்மைக்குப் போடுகிற அளவில் ஒரு சட்டை, ஒரு பாவாடை, காகிதத்தில் ஒட்டினால் மார்க். போன வருசத்து அக்காமார் ஒட்டியதையே பிய்த்து மறுபடி ஒட்டினாலும் மார்க். இவர் வந்ததும் அதை மூட்டைகட்டி வைத்துவிட்டார். "உசுரோட இருக்குற ஒரு ஆளுக்குத் தச்சுட்டு வாங்க. அந்த ஆளையும் கூட்டிட்டு வாங்க. நான் துணியைக் கேக்கப்போறதில்ல, ஆளைத்தான் கேப்பேன்" என்று சொல்லிவிட்டார்.

அதற்கு மேலும் நிபந்தனைகள். அந்த ஆள் ஒரு வாரம் அதைப் போட்டுக்கொண்டு தன் வேலையைப் பார்த்திருக்க வேண்டும். நம்ம ஊர்த் தண்ணீரிலேயே துவைத்திருக்க வேண்டும். ஒருத்தி கொத்தனார் மாமாவுக்குச் சட்டை என்று சொல்ல, "குனிஞ்சு செங்கல் எடுத்தா முதுகு வெளிய தெரியக்கூடாது" என்றாராம். ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சி அண்ணிக்கு நைட்டி என்று சொல்ல, "புள்ள பொறந்தப்பறமும் அதே நைட்டி ஆகணும்" என்றாராம். என் அக்கா, "தங்கச்சிக்குக் கவுன்" என்றாள். "வளர்ற புள்ளையா? சரி. இன்னிக்கும் அளவா இருக்கணும், ரெண்டு கிறிஸ்மஸ் கழிச்சும் அளவா இருக்கணும். நடுவுல டெய்லர்கிட்டப் போகக்கூடாது, கத்திரியும் எடுக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டாராம்.

அக்கா வந்து சொன்னதும் அம்மா சிரித்தார். எங்கள் பக்கம் இதற்கெல்லாம் யோசிக்கிற வழக்கமே கிடையாது. வளர்கிற பிள்ளைக்கு நாலு விரல் கூட வைத்துத் தைப்பார்கள், முதல் வருசம் தரை கூட்டும், இரண்டாம் வருசம் அளவாக இருக்கும், மூன்றாம் வருசம் முழங்காலுக்கு ஏறும். அக்கா டேப்பு பிடிக்கப் பிடிக்க அம்மா அதை இழுத்து இழுத்து நீளம் கூட்டினார். "இப்படிப் பிடிச்சாப்ல தச்சா அடுத்த கிறிஸ்மஸுக்கு யாரு போடுவா, ஒங்க டீச்சரா?" என்றார். நான் நடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வழி கிடைத்தது எனக்கு விளையாட்டுச் சாமானாக வந்த ஒரு சாக்கில். அப்பா குடோனிலிருந்து வெறும் சாக்கு கொண்டுவருவார், சிலசமயம் வாய் தைத்தபடியே ஓரத்தில் கிழிந்த சாக்கு. அந்த வாய்த்தையலைப் பிரிப்பது எனக்கு உயிர். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சர்ர்ரென்று நூல் மொத்தமும் ஒரே இழுப்பில் வந்துவிடும். தப்பான முனையைப் பிடித்தால் இறுகிக்கொள்ளும், பல்லால் கடித்தாலும் அசையாது. அன்றைக்கு நான் இழுத்த சத்தம் கேட்டு அக்கா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "ஏ புள்ள, இன்னொரு தடவை இழு" என்றாள். இன்னொரு தடவை எப்படி இழுக்க? பிரிந்தது பிரிந்ததுதானே. அவள் அந்த நூலை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

கவுன் மஞ்சள், அதில் பொடிப்பொடியாகச் சிவப்புப் பூ. எதிர்வீட்டு மிஷினில் தைத்தாள். பாவாடையின் உள்பக்கம் சுற்றிவர இரண்டு மடிப்பு. அந்த மடிப்புகளை மட்டும் மிஷினில் அடிக்காமல் கையால், சாக்குக்குப் போடுகிற மாதிரியே சங்கிலித் தையலாகப் போட்டாள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இந்தக் கிறிஸ்மஸ் போய் அடுத்ததற்கு முதல் நூல், அதற்கும் அடுத்ததற்கு இரண்டாவது நூல். "இழுத்துகிழுத்துப் பார்த்த, கொன்னே போட்டுருவேன்" என்று என் காதைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

இழுத்தது நான் இல்லை. கெடுத்தது எங்கள் வீட்டு வழக்கம். புதுத்துணியை முதலில் கோயிலில் வைத்து ஜெபித்து, கஞ்சி மினுக்கு மாறாமல் உடுத்திக்கொண்டுபோய் ஆராதனையில் உட்கார்ந்த பிறகுதான் தண்ணீரில் போடுவோம். வெட்டுவதற்கு முன் துணியை ஒரு ராத்திரி ஊறப்போட வேண்டும் என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். "ஆண்டவருக்கு முன்னாடி போட்டுட்டுப் போற துணியை நனைச்சுச் சுருட்டிக்கிட்டா போவாக?" என்று அம்மா சத்தம் போட்டார். அக்கா விட்டுக்கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மொடமொடவென்று போய் உட்கார்ந்தேன். திங்கட்கிழமை போர்த்தண்ணீரில் துவைத்துக் காயப்போட்டார் அம்மா. எங்கள் ஊர் உப்புத் தண்ணீருக்கும் வெயிலுக்கும் கேட்கவா வேண்டும்? சாயங்காலம் போட்டுப் பார்த்தால் துணி சுருங்கிக் கை மேலே போகவில்லை. கக்கத்தில் அப்படிப் பிடித்தது. நீளத்துக்கு மடிப்பு இருந்தது, அகலத்துக்கு ஒன்றும் இல்லை. வெட்டியது போக மிஞ்சிய துணி ஒரு கைக்குட்டைக்குக்கூடக் காணாது.

அக்கா அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது கொஞ்சம்தான், அதில் அது ஒன்று. அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "என் வாயில வசம்பை வச்சுத் தேய்க்க" என்று தன்னையே திட்டிக்கொண்டார். மில்லு வேன் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அக்கா தன் நீல ஷாலைத் தரையில் விரித்தாள். சீருடை ஷால். மடித்து மடித்து இரண்டு தோளிலும் ஊக்கு குத்திப் போட்டுக்கொள்வதால் உள்மடிப்பு எவ்வளவு இருக்கிறதென்று ஒருத்தருக்கும் தெரியாது. அந்த உள்மடிப்பை நீளவாக்கில் வெட்டி எடுத்தாள். என் கக்கத்துக்கு இரண்டு பக்கமும் ஒட்டுத்துண்டு வைத்தாள், விலாவுக்கும் பட்டியாக இறக்கினாள். மஞ்சள் கவுனில் நீலம். நான் கையைத் தொங்கப்போட்டால் தெரியாது, தூக்கினால் பளிச்சென்று தெரியும். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், அந்த வாரம் முழுக்கக் கையைத் தூக்கிக்கொண்டே திரிந்தேன். கருவேலங்காய் பொறுக்கினேன், வேம்பில் ஏறினேன், இடுப்பில் குடம் வைத்தேன், தெருப்பிள்ளைகளோடு உருண்டேன். எங்கே பிடிக்கிறது என்று அக்கா தினமும் கேட்டாள். அவள் தூங்கும்வரை நான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கிளம்புகிற அன்றைக்கு அம்மா என் தாடையைப் பிடித்து, "டீச்சரு என்ன கேட்டாலும் நல்லாருக்குன்னு சொல்லணும். தெரியுதா?" என்றார். அக்கா உடனே, "இருக்குறதச் சொல்லு. அவுகளுக்குப் பொய் சொன்னாத் தெரிஞ்சிரும்" என்றாள். இரண்டுக்கும் தலையாட்டிவைத்தேன்.

வகுப்பில் கொத்தனார் மாமா வெட்கத்தோடு நின்றுகொண்டிருந்தார். நைட்டி போட்ட அண்ணி பெஞ்சில் உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்தார். என் முறை வந்ததும் டீச்சர் அக்காவைத் தள்ளி நிற்கச் சொன்னார், வாயைத் திறக்கக் கூடாது என்றார். என்னைக் குதிக்கவிட்டார், சம்மணம் போட்டு உட்காரவைத்தார், கையைத் தூக்கச் சொன்னார். அதற்குத்தானே காத்திருந்தேன்! நீலத்துண்டைப் பார்த்தார். கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு அக்காவின் தோளில் கிடந்த ஷாலைப் பார்த்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்கயாச்சும் குறை இருக்கா?" என்றார் என்னிடம்.

"முதுகுல கொக்கி உறுத்துது டீச்சர்" என்றேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். டீச்சர் சந்தோசமாக மார்க்கில் ஒன்றைக் குறைத்தார்.

அப்புறம் மடிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்டார். "அடுத்த வருசம் இதை யாரு பிரிப்பா? நீயா, ஒங்க அம்மாவா?"

"அம்மாவுக்குப் பொழுது இருக்காது டீச்சர். அவளே பிரிச்சுக்குவா. நான் தேவையில்ல."

டீச்சர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "எங்க, பிரி பாப்போம்" என்றார். நான் முனையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன், இறுகிக்கொண்டது. அக்காவைப் பார்த்தேன், அவள் ஷால் முனையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் எனக்குச் சாக்கு ஞாபகம் வந்தது. அடச்சே, தப்பான முனை! பாவாடையைச் சுற்றித் திருப்பி அடுத்த முனையைத் தேடி எடுத்து இழுத்தேன். சர்ர்ரென்று நூல் மொத்தமும் என் கைக்கு வந்தது. கவுன் நாலு விரல் கீழே இறங்கியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். கொத்தனார் மாமா விசிலே அடித்தார். டீச்சர் அக்காவிடம், "ஞாயித்துக்கெழமை ஒங்க அப்பாவைப் பாக்க வாரேன்" என்றார். அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கொக்கிக்குப் போன மார்க்குக்காக அழுகிறாள் என்று நினைத்தேன்.

டீச்சர் சொன்னபடி வந்தார். அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆனிமாதம் அக்கா ஒரு ட்ரங்குப் பெட்டியோடு பஸ் ஏறினாள். அன்றைக்குச் சாயங்காலம் நான் பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்றேன். மறுநாளும் நின்றேன். படிப்பு முடிந்து திருப்பூர், அப்புறம் பெங்களூர், கல்யாணம், அங்கேயே வீடு. இப்போது வருசத்துக்கு ஒருதடவை கிறிஸ்மஸுக்கு வந்தால் உண்டு. போனில் முகத்தைப் பார்க்கிறேன், சண்டைகூடப் போடுகிறேன். இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், காதைப் பிடித்துத் திருக ஓர் ஆள் வீட்டில் இல்லாமல் வளர்வது லேசுப்பட்ட காரியமில்லை. அவள் இல்லாமல் எனக்கு இன்றைக்கும் வீடு நிறையவில்லை. வகுப்பில் நான் பிரித்துப்போட்டு அவள் மறுபடி தைத்துக் கொடுத்த அந்த முதல் மடிப்பை அடுத்த கிறிஸ்மஸுக்குச் சரியாகப் பிரித்தேன், கவுன் அளவாக இருந்தது. இரண்டாவதைப் பிரிக்கவே இல்லை. அக்கா வரட்டும், அவள் முன்னால் இழுத்துக் காட்டலாம் என்று வைத்திருந்தேன். அந்த வருசம் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அதற்கடுத்து அவள் வந்தபோது கவுன் என் தலைவழியே இறங்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த மார்க் போட்ட நாளைப் பற்றி. திரும்பிவரும் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு, ஊர் வரும்வரை பேசவே இல்லை. எனக்கோ வாய் ஓயவில்லை. டிக்கெட் கொடுத்த கண்டக்டரிடம் சொன்னேன், முன்சீட்டில் கோழிக்கூடையோடு இருந்த அம்மாளிடம் சொன்னேன், இறங்கியதும் எதிரே வந்த அம்மாவிடம் கவுனை விரித்துக் காட்டிக்கொண்டே கத்திச் சொன்னேன். "இனிமே எல்லாம் நானே பிரிச்சுக்குவேன். எனக்கு அக்கா தேவையில்லன்னு டீச்சர்கிட்டயே சொல்லியாச்சு!"

அக்காவின் கையை நான் இன்னும் விட்டிருக்கவில்லை.