இணையத்துக் கலியாணத்தில் ஆராத்தி

கணவன் இறந்தபின் லிங்கநகர் சோபனா ஒரு கலியாண வீட்டுக்கும் போனதில்லை. வரவேண்டாமென்று ஒருவரும் சொல்லவில்லை, வாவென்றும் சொல்லவில்லை. வேலை முடிந்து வந்ததும் கணினியில் ஒரு இணைய உலகத்துக்குள் போய்விடுவாள். அங்கே அவள் தனக்கென்று செய்துகொண்ட பொம்மை உருவம் பனிமலை ஏறும், பாலைவனம் சுற்றும். கடல் மட்டும் வேண்டாம், அது தெருமுனையிலேயே கிடக்கிறதே. மற்றபடி எதைக் கண்டாலும் அவளுக்கு ஒன்றுதான்.

அங்கே பழக்கமான நிவேதிகாவுக்கு அந்த உலகத்திலேயே கலியாணம். சோபனாவின் உருவம் சிவப்புப் பட்டும் பெரிய பொட்டுமாக முன்வரிசையில் நின்றது.

"அக்கா, நீங்கள்தான் ஆராத்தி எடுக்கவேணும்," என்று நிவேதிகா எழுதினாள்.

ஆராத்தி சுமங்கலிகள் எடுப்பது. அவள் கணவனை இழந்தவள் என்று அங்கே யாருக்குத் தெரியும்? "ஓம், வாறன்," என்று சோபனா எழுதினாள்.

பிறகுதான் கவனித்தாள், அவளுடைய விரல், உருவத்தைப் பின்னோக்கி நடக்கவைக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தது. சிவப்புப் பட்டு மண்டபத்தின் கடைசிச் சுவரில் முட்டி, நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தது.