தடை லாரிக்கு இல்லை

பாபநாசம் பக்கம் அடைமழையில் அவரைப் பார்த்தேன். ஒல்லியான விவசாயி. கையில் மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த ரிமோட் பொம்மை லாரி. மூழ்கிய சம்பாப் பயிரை அன்றே வடித்தாக வேண்டும். அவர் வயலுக்கும் வடிகாலுக்கும் நடுவே பங்காளியோடு வழக்கிலிருக்கும் நிலம்; அதில் அவர் இறங்கக் கோர்ட் தடை.

“தடை எனக்குத்தானே? லாரிக்கு இல்லியே!” என்றார்.

சர்க்யூட்டைப் பலூனில் பொதிந்து, மோட்டாருக்குக் கிரீஸ் அப்பியிருந்தார். பம்ப்செட் ஹோஸை அந்த நிலத்தைத் தாண்டி வடிகாலுக்கு இழுக்க, லாரியின் பின்னால் கயிறு கட்டி விட்டார். வழிப்போக்கனான நான் வடிகால் கரையில், கயிறு வந்ததும் ஹோஸை இழுக்கக் காத்திருந்தேன். அச்சில் கோரைப்புல் சுற்றி, பாதி வழியில் சேற்றில் லாரி நின்றுவிட்டது.

“நான் இறங்கி எடுக்கட்டுங்களா?”

“வேணாங்க! பங்காளி உங்களையும் கேஸுல இழுத்துடுவான்!”

நனைந்த ரிமோட்டைத் துடைத்துத் துடைத்து அமுக்கினார். பயிர் கண்ணெதிரே அழுகிக்கொண்டிருக்க, பேர்கூடத் தெரியாத என்னை எதற்குக் காப்பாற்றினார்?