பத்து இரவுக்கும் ஒரே பெயர்

செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நான் ஒரு சூடை மீன்கூட வாங்கியதில்லை. என் கணவர் என்னைப் 'பொலிஸ்' என்று கூப்பிடுவது அதனால்தான். ஆளை நம்பிக் கெட்டவர்கள் உண்டு, சந்தேகப்பட்டுக் கெட்டவள் ஒருத்தியைக் காட்டுங்கள் என்று அவரிடம் பெரிதாகக் கேட்டிருக்கிறேன். இப்போது அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

எங்கள் ஆசிரியர் சங்கம் பொம்புளப் புள்ளைகளுக்கென்று முதன்முதலாக ஆங்கில முகாம் நடத்தத் தீர்மானித்தது. ஒலுவிலில் ஒரு விடுதி. பத்து நாள் அங்கேயே தங்க வேண்டும். எழும்பியதிலிருந்து படுக்கும்வரை ஆங்கிலம் மட்டும். ஆட்களைப் போடுவதும், எந்த நேரத்தில் என்ன என்று நேரசூசி போடுவதும் என் பொறுப்பு. தலைவர் ஒரு நிபந்தனை வைத்தார். இருபத்தைந்து கட்டிலாவது நிரம்ப வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் பகல் வகுப்பாகிவிடும். பகல் வகுப்பென்றால் நாலு மணிக்கு வீடு, வீட்டில் தமிழ், மறுநாள் திரும்பவும் முதலிலிருந்து. இருபது வருடமாக அதைத்தானே செய்து களைத்துப் போயிருக்கிறேன்!

பிரிஸ்டல் போர்ட் அட்டை ஒன்றை மேசையில் விரித்து, அடிமட்டத்தை வைத்துக் கோடு போட்டேன். ஸுபஹ் முதல் இஷா வரை ஐந்து வக்துத் தொழுகையையும் முதலில் எழுதிவிட்டு, மிஞ்சிய இடங்களில்தான் பாடம். வெள்ளிக்கிழமை பெரும் தலைவலி. காவலாளி, சமையல்காரர், ஆண் ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஜும்மாவுக்குப் போய்விடுவார்கள். வாசல் படலையில் நிற்க ஒருவரும் இல்லை. அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்குப் படலைக்கு ஒரு டீச்சர், குசினிக்கு ஒரு டீச்சர் என்று ஒதுக்கினேன். கடல் பக்கம் ஒரு புள்ளையும் தனியாகப் போகக் கூடாது என்று சிவப்பு மையால் எழுதினேன். எல்லாம் பொருந்தியது, இரவுதான் பொருந்தவில்லை. புள்ளைகளோடு ராத் தங்கக் கேட்டால் ஒருத்திக்கு மாமி சுகமில்லை, ஒருத்திக்குக் கைக்குழந்தை, ஒருத்திக்கு மாப்பிள்ளை விடமாட்டாராம்.

அப்போதுதான் எங்கள் பாடசாலைக்கு இரண்டு வருடத்துக்கு முன் மாற்றலாகி வந்த இளம் டீச்சர் என் மேசைக்கு வந்தார். கணவர் கட்டாரில், டீச்சர் தன் உம்மாவோடு இருக்கிறார். மூத்த அக்காவைப் போல என்னை ராத்தா என்றுதான் கூப்பிடுவார். பத்து இரவையும் தன் பெயரிலேயே போடச் சொன்னார்.

எனக்கு உடனே நெருடியது. ஒரு இரவுக்கே ஆள் கிடைக்காத இடத்தில் பத்தையும் ஒருத்தி கேட்டால் அதில் என்னவோ இருக்கிறது. விண்ணப்பித்த புள்ளைகளின் விலாசப் பட்டியலில் ஒரு பிரதியும் கேட்டார். எதற்கு என்று கேட்டதற்கு, "பாத்து வெச்சுக்கொள்ளத்தான் ராத்தா" என்று சிரித்தார். பெயரை எழுதினேன், பட்டியலையும் கொடுத்தேன். ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

அந்தக் கிழமையே அவருடைய சிவப்பு ஸ்கூட்டியைச் சம்மாந்துறையில் ஒரு அரிசி ஆலைக்குப் பக்கத்து வீட்டில் கண்டேன். நான் அரிசி வாங்கிக்கொண்டு திரும்பும்போதும் அது அங்கேதான் நின்றது. அது முகாமுக்கு வரும் ஒரு புள்ளையின் வீடு. இரண்டு நாள் கழித்துக் கல்முனையில் இன்னொரு புள்ளையின் வாசலில். அஸர் தொழுத கையோடு வெளிக்கிட்டு மஃரிபுக்கு முன் வீடு திரும்புகிறார் என்று அவருடைய பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். ஓம், விசாரித்தேன்தான்.

கணக்கு எனக்குச் சரியாக வந்தது. இவர் சொந்தமாக டியூசன் வகுப்பு தொடங்கப் போகிறார். நாங்கள் பாடுபட்டுச் சேர்த்த புள்ளைகளை வீட்டு வாசலிலேயே மடக்குகிறார். பத்து இரவும் பக்கத்தில் படுத்துப் பேசினால் மிச்ச வேலையும் முடிந்துவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைவரிடம் போய்க் கொட்டினேன். அவர் தாடியைத் தடவியபடி, நேரசூசி உங்கள் பொறுப்புத்தானே என்று நழுவிவிட்டார்.

முகாமுக்கு இரண்டு நாள் இருக்கையில் இளம் டீச்சருக்குப் போன் எடுத்து, இரவு வேலைக்கு வேறு ஒழுங்கு செய்துவிட்டதாகச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. அவர் "சரி ராத்தா" என்றார். அவ்வளவு சுருக்கமாக ஒத்துக்கொண்டதையும் நான் கள்ளத்தனத்தின் அடையாளமாகவே எடுத்தேன். மூன்று டீச்சர்மாரைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்து மூன்று, மூன்று, நாலு என்று இரவைப் பிரித்தேன். புதுப் போர்டில் புது நேரசூசி. அத்தனை அழகாக இருந்தது.

முதல் நாள் காலை இருபத்தெட்டுப் புள்ளைகளும் வந்துவிட்டார்கள். படலைக்கு வெளியே ஓட்டோக்கள் வரிசையாக நின்றன. உள்ளே முதலில் வந்தவர் சம்மாந்துறையில் வயல் செய்யும் ஒருவர், கையில் மகளின் பை. மற்ற வாப்பாமார் பின்னால்.

"ராவைக்கு ஆரு டீச்சர் நிக்கிற?" என்று கேட்டார்.

பெருமையாக நேரசூசியைக் காட்டினேன். அவர் அதை ஆறுதலாக வாசித்தார்.

"இந்தப் பேரெல்லாம் எனக்குத் தெரியா. எங்கட ஊட்டுக்கு வந்த டீச்சர் எங்க? பத்து ராவும் தான் கூட இரிப்பன் எண்டு செல்லித்தானே புள்ளய அமானிதமாக் கேட்டுப் போன?"

பின்னால் நின்றவர்களும் தலையசைத்தார்கள். அத்தனை வீட்டுக்கும் அந்த இளம் டீச்சர் போயிருக்கிறார். டியூசனுக்கல்ல. ஒவ்வொரு வாப்பாவின் முன்னாலும் உட்கார்ந்து, புள்ளையை அமானிதமாக, தன் பொறுப்பில் கேட்டிருக்கிறார். வாப்பாமாரின் சம்மதப் படிவத்தில் கையெழுத்து விழுந்தது என் அழகான எழுத்தைப் பார்த்தல்ல.

வெட்கக்கேடு என்னவென்றால் இது எனக்குத் தெரியாத வழக்கமல்ல. என் மகளை ஒரு கலியாண வீட்டுக்கு அனுப்பினாலும் அங்கே ஒருத்தியின் கையைப் பிடித்து, அமானிதமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் விடுவேன். புள்ளையைக் கட்டடத்திடம் கொடுப்பவர்கள் இந்தக் கரையில் யாரும் இல்லை, ஆளிடம்தான் கொடுப்பார்கள். அந்த ஆளைத்தான் நான் அழித்திருந்தேன்.

அந்த டீச்சர் ஏன் இல்லை என்று சம்மாந்துறை வாப்பா திரும்பக் கேட்டார். ஒரு சின்னப் பிரச்சினை, அதனால் மாற்றினோம் என்றேன். பிரச்சினை உள்ள இடத்தில் யார் புள்ளையை விடுவார்கள்? அந்தச் சொல்லோடு எல்லாம் முடிந்தது. அவர் பையைத் தூக்கி ஓட்டோவில் வைத்தார். மகள் பின்னால் ஏறினாள். அவருக்குப் பின்னால் அடுத்தடுத்து இன்னும் மூன்று ஓட்டோக்கள் கிளம்பின. மற்றவர்கள் நிற்பதா போவதா என்று ஆளையாள் பார்த்தார்கள். இருபத்தைந்துக்கு ஒன்று குறைந்துவிட்டது.

இளம் டீச்சருக்குப் போன் எடுத்தேன். முதல் அடிப்பிலேயே எடுத்தார். உடனே வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். அரை மணித்தியாலத்தில் ஸ்கூட்டியில், தலையணையும் உடுப்புப் பையுமாக வந்து இறங்கினார். நின்ற வாப்பாமாரின் முகம் தெளிந்ததைப் பார்க்க எனக்குக் குறுகிப்போனது. ஆளை மாற்றியதை வாப்பாமாருக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று அவரையே குற்றம் பிடிப்பதுபோலக் கேட்டேன். பழக்கம் போகுமா?

"செல்லியிருந்தா ஒருத்தரும் வந்திரிக்க மாட்டாங்க ராத்தா. நீங்க எப்படியும் கூப்புடுவீங்க எண்டு பையக் கட்டி வெச்சிக்கிட்டு இருந்த" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்னட்ட ஒரு வார்த்த கேட்டிரிக்கலாமே?" என்றார்.

கேட்டிருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டவள்தானே நான்.

போன புள்ளைகளைத் தேடி அவருடைய ஸ்கூட்டியின் பின்னால் இருந்து நானும் போனேன். மூன்று வீட்டில் அவரைக் கண்டதும் பை திரும்பவும் ஓட்டோவில் ஏறியது. முகாம் தப்பியது. கடைசியாகச் சம்மாந்துறை வீட்டுக்குப் போனோம். வாப்பா எங்களை மரியாதையாக இருக்கச் சொன்னார். நான் எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னேன், டியூசன் சந்தேகத்தையும் சேர்த்து. பிழை முழுக்க என்னுடையது என்றேன்.

அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"இந்த டீச்சர்ல எனக்கு ஒண்டுமில்ல. ஆனா நீங்கதானே அங்க பெரியாள். இவவயே நம்பாத நீங்க, நாளைக்கு என்ட புள்ளயப் பத்தி ஆரும் ஒண்டு செல்லிட்டா என்ன செய்வீங்க?"

இளம் டீச்சர் எனக்காகப் பேசினார், நல்லாகவே பேசினார். வாப்பா அசையவில்லை. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க என்று மட்டும் சொன்னார்.

மகள்தான் கொண்டுவந்தாள். கட்டிய பை அவள் பின்னால் கதவோரம் அப்படியே கிடந்தது. என் கையில் கோப்பையைத் தரும்போது குனிந்து, வாப்பாவுக்கு விளங்காத பாஷையில், "ஐ வோன்டட் டு கம், மிஸ்" என்றாள். வர ஆசைப்பட்டேன் என்று. தேத்தண்ணியைக் குடித்தேன்.