என் பிறந்தநாளுக்கு நின்ற வரிசை

எனக்குப் பத்து வயது நிரம்பிய அன்று பிறந்தநாள் பந்தலுக்கு முந்நூறு பேர் வந்தார்கள் என்று மாமா இன்றும் சொல்வார். மாமா எதைச் சொன்னாலும் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்பது எங்கள் வீட்டு வழக்கம். அப்படித் தள்ளினாலும் நூற்றைம்பது தேறும். நான் அழைத்திருந்தது பதினொரு பேரை. அந்தப் பதினொரு பேரில் ஒருவன்கூட வரவில்லை.

எல்லாம் வேங்கிக்காலில் இருந்த ஒரு வகுப்புத் தோழனின் பிறந்தநாளில் ஆரம்பித்தது. புது வீடு, சுவரெல்லாம் பலூன், கார் வடிவத்தில் கேக். கிளம்பும்போது எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு பென்சில் டப்பா கொடுத்தார்கள். அதற்கு ரிட்டர்ன் கிஃப்ட் என்று பெயராம். நான் கொண்டுபோனதும் ஒரு பென்சில் டப்பாதான். ஒரு டப்பாவைக் கொடுத்து இன்னொரு டப்பாவை வாங்கிவருவதற்கு இவ்வளவு தூரம் ஏன் போகவேண்டும், அவரவர் டப்பாவோடு அவரவர் வீட்டிலேயே இருந்துவிடலாமே என்று ஆட்டோவில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். அப்பாவிடம் கேட்டேன். "அங்க போய் நின்னியே, அதுக்குதான்டா" என்றார். எனக்கு விளங்கவில்லை. விளங்காதது எதுவோ அதை நம் வீட்டிலும் செய்துபார்த்துவிட வேண்டும் என்பது அந்த வயதில் என் கொள்கை.

மறுநாள் வகுப்பில், அடுத்த மாதம் எங்கள் வீட்டிலும் பார்ட்டி என்று அறிவித்தேன். கார் கேக் வெட்டியவன் விழுந்து விழுந்து சிரித்தான். "உங்க வீட்டுக்கு யார்றா வருவாங்க? எந்த விசேஷம்னாலும் உங்க மாமா ஒருத்தருதான சட்டை மாத்தி மாத்தி போட்டுக்கினு நிப்பாரு?"

அது உண்மை. எங்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் என்று வருவது அம்மாவின் தம்பியான மாமா ஒருவர்தான். ஏன் அப்படி என்று எனக்குத் தெரியாது. உண்மையாக இருந்ததாலேயே கோபம் வந்தது. "ஊரே வரும்டா, பாரு" என்று சொல்லிவிட்டேன். இப்படி வாயை விட்டு மாட்டிக்கொள்வதில் எனக்கு இருந்த தேர்ச்சி படிப்பில் இருந்ததில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரே கவலை: யாராவது வரவேண்டும்.

வீட்டில் ஆலோசனைக் கூட்டம் கூடியது. முதல் சிக்கல் மெழுகுவர்த்தி. எரிகிற சுடரை வாயால் ஊதி அணைப்பதா, அதுவும் பிறந்தநாள் அன்றைக்கா, கூடவே கூடாது என்று அம்மா அடித்துச் சொல்லிவிட்டாள். ஊதாவிட்டால் அது எப்படிப் பிறந்தநாள் என்று நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கடைசியில், சாமி விளக்கை அமர்த்துவதுபோல் ஒரு பூவால் அமர்த்தலாம் என்று சமரசம் ஆயிற்று. உலகத்திலேயே மெழுகுவர்த்தியைச் சாமந்திப் பூவால் அணைக்கப்போகிற முதல் பிள்ளை நானாகத்தான் இருக்கும் என்பதால் ஒத்துக்கொண்டேன்.

அடுத்தது தேதி. தினசரி காலண்டரைப் புரட்டிய அம்மா, "டேய், அன்னிக்கு பௌர்ணமிடா" என்றாள். எங்கள் வாடகை வீட்டு வாசல் நேராகக் கிரிவலப் பாதையைப் பார்த்து இருந்தது. மலையைச் சுற்றி வருகிறவர்கள் ஈசான்ய லிங்கத்தை நெருங்குகிற இடம். பதினாலு கிலோமீட்டரில் முக்கால்வாசிக்கு மேல் நடந்து, கால் ஓய்ந்து, வயிறு காய்ந்து வருகிற இடம் என்றும் சொல்லலாம்.

மாமா காலண்டரை வாங்கிப் படித்தார். "அக்கா, திதி ராத்திரி எட்டே காலுக்குதான் ஆரம்பிக்குது. நாம நாலு மணிக்கு கேக் வெட்டி, ஆறு மணிக்கு பசங்கள அனுப்பிடப் போறோம். கூட்டம் அதுக்கப்புறம் வந்தா நமக்கின்னா?"

வெளியூர்க்காரர் யாராலும் செய்யமுடியாத தவறு இது. திதி பார்க்கத் தெரிந்த உள்ளூர்க்காரனால்தான் இவ்வளவு துல்லியமாகத் தப்புக் கணக்குப் போடமுடியும். அந்தப் பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது என்பதை மூன்று பெரியவர்களும் பார்த்தார்கள். பார்த்து, லீவு நாள், நல்லதாப் போச்சு என்று சந்தோஷப்பட்டார்கள்.

மாமா ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் வேலை பார்த்தார். மருமகனுக்கு ஃப்ளெக்ஸ் போடாமல் இருப்பாரா? ஏற்கெனவே ஏதோ அன்னதானக் குழுவுக்கு அடித்த பேனர் கம்ப்யூட்டரில் கிடந்தது. அதன் தலைவருடைய தலையை எடுத்துவிட்டு என் தலையை வைத்தார். கழுத்துக்குக் கீழே இருந்த வெள்ளைச் சட்டையும், கும்பிட்ட கைகளும், தங்கக் கைக்கடிகாரமும் தலைவருடையவை. பின்னால் மலை, கோபுரம். கீழே பெரிய எழுத்தில் 'அனைவரும் வருக'. பிறந்தநாள் என்ற சொல் ஓர் ஓரத்தில் இருந்தது. அதன்மேல்தான் கட்டுக்கம்பியின் முடிச்சு விழுந்தது.

அன்று மூன்று மணிக்கே கோட்டு போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். பந்தலில் ஒரு மேசை. அதன்மேல், பிள்ளைகளோடு பெரியவர்களும் வருவார்கள், அறுபது பேருக்கு ஆகட்டும் என்று அம்மா செய்த தக்காளி சாதம் ஒரு அண்டாவில், கேசரி ஒரு தூக்கில், பக்கத்தில் அடுக்கடுக்காகத் தொன்னைகள். பேப்பர் தட்டைவிட விலை கம்மி என்று மாமா கோயில் பக்கத்துக் கடையில் வாங்கிவந்தவை. எதிரே பாதையில் ஜனம் கால் வைக்க இடமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. திதிக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது.

மூன்றரைக்கு முதல் போன் வந்தது. "அங்கயே ஆட்டோவ நிறுத்திட்டாங்களா? ஐயோ… பரவால்லங்க, கூட்டத்துல புள்ளைய நடத்திக் கூட்டிட்டு வராதீங்க" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு போனுக்கும் அதையே சொன்னாள். நான் கையில் வைத்திருந்த பட்டியலில் ஒவ்வொரு பெயராக அடித்தேன். நாலு மணிக்குப் பட்டியலில் மிச்சமிருந்தது என் கையெழுத்து மட்டும்தான்.

அப்போது ஒரு வயதான தம்பதி பந்தலுக்குள் வந்தார்கள். ஃப்ளெக்ஸைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அங்கே வைத்திருந்த குடத்துத் தண்ணீரில் கை கழுவிக்கொண்டு அண்டாவுக்கு எதிரே வந்து நின்றார்கள். அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா ஃப்ளெக்ஸைப் பார்த்தார். ஃப்ளெக்ஸில் நான் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"இது பர்த்டேக்குங்க…" என்று மாமா ஆரம்பித்தார்.

"நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டு அப்பா கரண்டியை எடுத்தார். கை நீட்டியவரிடம் இல்லை என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வராது, அதுவும் பௌர்ணமியில். அவர்களுக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். எங்கள் ஊரில் நாலு பேர் ஒருவர்பின் ஒருவராக நின்றால் போதும், ஐந்தாவது ஆள் எதற்கென்று கேட்கமாட்டார். ஐந்தே நிமிடத்தில் வரிசை அடுத்த வீட்டைத் தாண்டிவிட்டது.

என்னைக் கேசரி கொடுக்க நிறுத்தினார்கள். ஆந்திராவிலிருந்து வந்த ஓர் அம்மா என் முகத்தையும் ஃப்ளெக்ஸையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, பயபக்தியோடு மாமாவிடம், "ஈ பால சுவாமி எவரண்டி?" என்றார். "எங்க அக்கா பையன்மா. கணக்குல பெயில்" என்றார் மாமா. அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். எனக்கு அழுகை வந்தது. ஊரே வரும் என்றுதான் சொன்னேன், வந்துவிட்டது. ஆனால் இதில் ஒருவருக்குக்கூட நான் யாரென்று தெரியாதே.

அண்டா அடி தட்டுகிற நேரத்தில் ஒரு பெண்மணி வரிசையில் வந்தார். ஐம்பது வயது இருக்கும். பச்சைப் புடவை, வெறுங்கால், நெற்றி நிறைய விபூதி. அவர் தொன்னையை நீட்டியதும் அப்பாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. பிறகு ஒரு கரண்டி வைத்தார். இன்னொரு கரண்டி வைத்தார். மூன்றாவதும் வைக்கப்போனார், தொன்னையில் இடமில்லை. அப்பா நிமிரவே இல்லை. அந்தப் பெண்மணியும் அவரைப் பார்க்கவில்லை.

"எல்லாருக்கும் ஒண்ணு, அவங்களுக்கு மட்டும் ரெண்டாப்பா?" என்று நான் உரக்கக் கேட்டேன். அப்பா உப்பு எடுத்துவருவதாகச் சொல்லி உள்ளே போனார். வெகுநேரம் கழித்து உப்பில்லாமல் திரும்பி வந்தார்.

அந்தப் பெண்மணி என்முன் வந்து நின்றார். நான் நீட்டிய கேசரியை வாங்கிக்கொள்ளாமல், "உன் பேரு இன்னாபா?" என்றார்.

சொன்னேன்.

தொன்னையைக் கீழே வைத்தார். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, என் உயரத்துக்குக் குனிந்து, என் வலது காதைக் கையால் மூடிக்கொள்கிற மாதிரி வைத்து, அதற்குள் என் பெயரைச் சொன்னார். மறுபடியும் சொன்னார். மூன்றாவது தடவையும் சொன்னார். பாவம், காது மந்தம் போலிருக்கிறது, சரியாகத்தான் கேட்டதா என்று சோதித்துப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "ஆமாங்க! அதேதாங்க!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். என் கன்னத்தைத் தடவிவிட்டு, இரண்டு தொன்னைகளையும் எடுத்துக்கொண்டு கூட்டத்தோடு போய்விட்டார். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா, செம்பு நிறைந்து வழிவதுகூடத் தெரியாமல் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வருஷங்கள் கழித்து, போன தை மாதம் மாமாவின் பெண் குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். குழந்தைக்கு அத்தை என்ற முறையில் அம்மாதான் அதை மடியில் போட்டுக்கொண்டாள். காதைக் கையால் மூடி, பெயரை மூன்று முறை சொன்னாள். எனக்குக் காது கூசியது. பந்தி முடிகிற வரைக்கும் பொறுத்திருந்து அம்மாவிடம் கேட்டேன்.

"உங்க அப்பாவோட அக்காடா அவங்க" என்றாள். "கீழ்பென்னாத்தூர்ல இருக்காங்க. அவங்க பொண்ணைதான் உங்க அப்பாவுக்கு கட்டறதா இருந்துச்சு. இவரு என்னைக் கட்டிக்கினு வந்துட்டாரு. உன் வூட்டு வாசல்ல பச்சத்தண்ணி குடிக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டுப் போனவங்க. மாசாமாசம் நம்ம வீட்டு வழியாதான் சுத்துவாங்க, ஆனா எதிர் ஓரமாதான் போவாங்க. உனக்கு பேர் வெச்சப்பகூட வரல."

"அப்புறம் அன்னிக்கு மட்டும் எப்படிம்மா?"

"அன்னதானம்னு இல்ல நெனச்சாங்க எல்லாரும்? அது சாமி சோறு. அதை எப்படி வேணாம்னு சொல்றது?"

அவரும் அப்படித்தான் நினைத்தாரா, இல்லை, ஃப்ளெக்ஸில் இருந்த முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டு வரிசையில் நின்றாரா என்று கேட்டேன். அது அம்மாவுக்குத் தெரியாது. எனக்கு இன்றைக்கும் அதைத் தெரிந்துகொள்ள ஆசை.

ஆனால் அன்று எனக்கு இது எதுவும் தெரியாது. கூட்டம் கலைந்ததும் அம்மா, அப்பா, மாமா மூவருக்கு நடுவில் கேக்கின் முன் உட்கார்ந்து, கோட்டுக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதேன். சாமந்திப் பூவை வைத்ததில் மெழுகுவர்த்தி அணையாமல் பூ கருகியது. "ஒருத்தர்கூட வரலப்பா" என்றேன்.

"ஒருத்தர்கூடவா வரல?" என்று கேட்டார் அப்பா.

"ஒருத்தர்கூட!"

அப்பா தலையாட்டினார். என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறுபடியும் சிரித்தார். பெற்ற பிள்ளையின் பிறந்தநாளுக்கு யாருமே வராததற்கு இந்த மனிதர் ஏன் இவ்வளவு சந்தோஷப்படுகிறார் என்று எனக்கு வந்த ஆத்திரத்தில், அவருக்கு ஊட்டவேண்டிய முதல் துண்டைக் கொண்டுபோய் மாமாவின் வாயில் திணித்தேன்.