மீனுக்குச் சோறு போடாத மாதங்கள்

இந்தக் குளிர் தேசத்தில், குட்மேய்ஸ் ஊரில் எங்கள் வீட்டுப் பின்வளவில் குளம் வெட்டப்போவதாக என் கணவர் சொன்னபோது நான் சண்டை பிடித்தேன். அந்த இடத்தில் நான் கீரையும் பூசணியும் போட்டிருந்தேன். இவர் கேட்டால்தானே. பஸ் ஓட்டாத நாளெல்லாம் களிமண்ணோடு மல்லுக்கட்டி, இடுப்பளவுக்குத் தோண்டிவிட்டார்.

"ஆரைப் புதைக்கப் போறியள்?" என்று கேட்டேன்.

ஆழம் காணாவிட்டால் குளிர்காலத்தில் அடிவரை உறைந்து மீன் செத்துப்போகுமாம். கறுப்பு ரப்பர் விரித்து, ஒரு மூலையில் கல் அடுக்கி, பம்ப் வைத்துச் சின்னதாக ஓர் அருவியும் விழ வைத்தார். தங்கமீன்கள் வந்தன. கோடையில் அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டபடி தேத்தண்ணி குடிக்க எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. அதை நான் இவரிடம் சொல்லவில்லை.

அதே கோடையில், சட்டன் என்கிற ஊரில் இருந்த இவருடைய அக்காவின் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கையோடு அந்த அக்காவை, என் மச்சாளை, எங்களிடம் கூட்டிவந்தோம். வந்த நாளிலிருந்து மனுசி சாப்பிடவில்லை. இரண்டு வாய் வைப்பார், தட்டைத் தள்ளுவார். நான் கனகாலமாகப் பள்ளிக்கூடக் குசினியில் வேலை செய்கிறவள். அடம்பிடிக்கிற பிள்ளைகள் எத்தனை பேரை வழிக்குக் கொண்டுவந்திருப்பேன். என் வீட்டில் ஒருத்தர் வெறும் வயிற்றோடு படுக்கப் போனால் எனக்கு நித்திரை வராது.

பிறகு மச்சாள் தட்டோடு குளத்தடிக்குப் போய் இருக்கத் தொடங்கினார். தட்டு வெறுமையாகத் திரும்பி வந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாத்தீங்களோ, ஆரின்ரை கை" என்று இவரிடம் அளந்தேன்.

நவம்பரில் தண்ணீர் கஞ்சிபோலக் கலங்கியது. ஒரு மீன் பக்கவாட்டில் மிதந்தது. இவர் வலையை விட்டு அடியைத் துழாவினார். என் சோறு, என் பருப்பு, எல்லாம் ஊறி மேலே வந்தது. தன் பங்கை மச்சாள் உருட்டி உருட்டி மீனுக்குப் போட்டிருக்கிறார்.

"குளிருக்க அதுகளுக்குச் செமிக்காது அக்கா," என்றார் இவர் பொறுமையாக. "சாப்பாடு வயித்துக்குள்ளேயே பழுதாப்போகும். இனித் தண்ணி சூடாகும்வரைக்கும் ஒண்டும் போடக்கூடாது. பட்டினி கிடந்தாலும் சாகாதுகள்."

மச்சாள் செத்த மீனையே பார்த்துக்கொண்டு நின்றார். "அவருக்கும் கடைசியில, வேண்டாம் வேண்டாமெண்ண நான்தான் ஒரு வாய் சோறு தீத்தினனான்," என்றார். "இதையும் நான்தான் சாக்காட்டிட்டன்."

சோற்றுக்கும் அவர் போனதற்கும் சம்பந்தமில்லை என்று டொக்டர் அப்போதே சொல்லியிருந்தார். நாங்களும் திருப்பித் திருப்பிச் சொன்னோம். காதில் ஏறவில்லை. மேலே போய்ப் படுத்தவர் பிறகு இறங்கி வரவில்லை. நான் கொண்டுபோகும் தட்டு போனபடியே திரும்பியது. கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. புருஷன் போன வழியே இந்த மனுசியும் போய்விடுமோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"மீனையும் விடும், அக்காவையும் விடும்," என்றார் இவர்.

"மீனும் மனுசியும் ஒண்டோ? விசர்க் கதை கதையாதையுங்கோ," என்று கத்திவிட்டேன். இவரும் பயந்துபோய்த்தான் இருந்தார். ஆனால் அவருடைய பயம் வாய் திறக்காது, என்னுடையது ஊரைக் கூட்டும்.

அருவியை இவர் முன்னமே நிறுத்திவிட்டார். குளிர்காலத்தில் அது ஓடினால் அடித்தண்ணீரையும் குளிரப்பண்ணிவிடுமாம். ஜனவரியில் ஒருநாள் குளம் முழுக்க மூடி உறைந்தது. வேலைக்குப் போகமுன் இவர் எனக்குப் பாடம் எடுத்தார். உள்ளே இலை அழுகிய வாயு வெளியேற ஒரு துளை வேண்டும், இல்லாவிட்டால் மீன் மூச்சடைத்துச் சாகும். கொதிதண்ணீர்ச் சட்டியை ஐஸின் மேல் வைத்தால் மெல்ல இளகும். இடித்து மட்டும் உடைக்கக்கூடாது, அந்த அதிர்ச்சியே மீனைக் கொன்றுவிடும்.

"பொறுத்தார் பூமி ஆள்வார்," என்று முடித்துவிட்டுப் போனார்.

சட்டியை வைத்தேன். ஆறிப்போனது. திரும்பவும் கொதிக்க வைத்துக் கொண்டுபோனேன். ஐஸில் ஒரு தட்டம் அளவுக்குப் பள்ளம் விழுந்ததே தவிரத் துளையைக் காணோம். பொறுத்தவர்கள் பூமியை ஆளட்டும், எனக்கு வேலைக்கு நேரமாகிறது என்று உள்ளி இடிக்கிற இரும்பு உலக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

மேல் யன்னல் திறந்தது. "அடியாதை பிள்ளை. அதுகளுக்கு நோகும்."

இரவு உடுப்பின் மேல் இவருடைய பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, செருப்போடு மச்சாள் இறங்கி வந்தார். உலக்கையை என் கையிலிருந்து வாங்கிப் புல்லில் வைத்தார். "கேத்திலைப் போடு," என்றார். நான் கொதிக்க வைக்க வைக்க, அவர் ஆறியதை ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்பி, சட்டியைப் பிடித்தபடி குந்தியிருந்தார். ஒருவழியாகச் சட்டி சரிந்தது, ஓரத்தால் கறுப்புத் தண்ணீர் எட்டிப் பார்த்தது. குனிந்து பார்த்தோம். அடியில் மீன்கள் அசையாமல் கிடந்தன.

"எல்லாம் முடிஞ்சுதோ?" என்று கேட்டேன்.

"இல்லை. வாலைப் பார், லேசா ஆடுது."

அன்றைக்கு நான் வேலைக்குப் பிந்திப் போனேன். அதன்பின் உறைபனி விழுந்த காலையெல்லாம் எனக்கு முன்னமே கேத்தில் சத்தம் கேட்டது. மச்சாள் துளையைத் திறந்துவிட்டு வந்து தேத்தண்ணி குடிப்பார். சிலவேளை பாதி பிஸ்கட்டும் கடிப்பார். நான் தட்டு நீட்டுவதை விட்டுவிட்டேன். விட்டேன் என்பது பொய், குறைத்துக்கொண்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டு இருப்பது எனக்குப் பிறவியில் இல்லாத பழக்கம்.

ஏப்ரலில் இவர் பம்பைத் திரும்ப இறக்கி ஸ்விட்சைப் போட்டார். கல்லிடுக்கால் எச்சில் மாதிரிக் கொஞ்சம் வடிந்தது, அவ்வளவுதான். புதுப் பம்ப் வாங்கவேண்டும் என்றார் இவர், வேண்டாம் என்றேன் நான். நாங்கள் வாய்ச்சண்டையில் நிற்க, மச்சாள் கல்லின் மேல் குப்புறப் படுத்துத் தோள்வரைக்கும் கையை விட்டுக் குழாயைத் தோண்டிக்கொண்டிருந்தார். நத்தையும் அழுகல் இலையுமாக ஒரு கைப்பிடி சேறு வந்தது. அடுத்த கணம் தண்ணீர் சீறி அவருடைய தலையிலேயே கொட்டியது. மீன்களெல்லாம் அருவி விழுகிற இடத்துக்கு ஓடிவந்தன.

தடிமன் பிடிக்கும் என்று இவர் ஏச, நான் துவாயோடு ஓடினேன். மச்சாள் குசினிக்குள் வந்து தலையைத் துவட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்:

"பசிக்குது பிள்ளை. என்ன கிடக்கு?"

அன்றைக்கென்று பார்த்து நான் உலை வைத்திருக்கவில்லை. "நேற்றையான் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும்தான் மச்சாள். கொஞ்சம் பொறுங்கோ, சோறு வைக்கிறன்."

"எனக்குப் பொறுக்க ஏலாது," என்று அவரே ஃப்ரிட்ஜைத் திறந்து, புட்டுப் பெட்டியில் குழம்பை ஊற்றி, நின்ற நிலையில் பிசைந்து சாப்பிடத் தொடங்கினார். சூடு காட்டவும் விடவில்லை. நான் கரண்டி தேடுவதுபோல லாச்சியை இழுத்துவைத்துக்கொண்டு, திரும்பி நின்று அழுதேன்.

"குழம்புக்கு உப்புக் காணாது," என்றார் மச்சாள், வாய் நிறையப் புட்டோடு.